'எஜுகேட்டட் இனஃப்': போதுமான படிப்பு இருக்கிறது என்பதை ஆங்கிலத்தில் சரியாகச் சொல்ல

போன மாதம் ஒரு தம்பி வகுப்பு முடிந்த பிறகு தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினார். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு மறுநாள் காலை நேர்காணல். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவர், சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். ரெஸ்யூமை நன்றாகவே தயார் செய்திருந்தார். மதிப்பெண் வரிசை, பயிற்சி எடுத்த இடம், ஓட்டத் தெரிந்த மெஷின்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. தாளின் தலையில் மட்டும் ஒரு வரி: 'ஐ ஆம் இனஃப் எஜுகேட்டட்.'

"மேடம், எனக்குப் போதுமான படிப்பு இருக்குன்னு சொல்லணும். இது சரிதானே?" என்று கேட்டார்.

தருமபுரியில் பல வருடமாக மாலை நேரப் பேச்சு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். பாலக்கோடு, காரிமங்கலம், அரூர், கிருஷ்ணகிரி என்று பல ஊர்ப் பிள்ளைகள் வந்து போகிறார்கள். இந்த ஒரு வரியில் தடுமாறாமல் போனவர்கள் மிகக் குறைவு. வார்த்தைகள் எல்லோருக்கும் தெரிகின்றன. எதை முன்னால் வைப்பது, எங்கே முடிப்பது, எந்த இடத்தில் சொல்லவே கூடாது என்பதில்தான் சிக்கல். அதனால் அந்தத் தம்பிக்குச் சொன்னதையே, இன்னும் கொஞ்சம் சேர்த்து, படிப்படியாக இங்கே எழுதுகிறேன். இப்போதுதான் ஆங்கிலம் பேசத் தொடங்கும் யாரும் இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

முதல் படி: எதற்குப் போதும்?

ஆங்கிலத்துக்குப் போவதற்கு முன்னால் தமிழிலேயே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். 'எனக்குப் படிப்பு போதும்' என்று யாராவது சொன்னால் நாம் உடனே என்ன கேட்போம்? 'எதுக்குப் போதும்?' என்றுதான். கல்யாணத்துக்கா, வேலைக்கா, வெளிநாட்டுக்கா? இலையில் சோறு விழும்போது கையை மறித்துப் 'போதும்' என்கிறோம். அங்கே வயிறுதான் அளவு. படிப்புக்கு அப்படிக் கண்ணில் தெரிகிற அளவு கிடையாது. அதை நாமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்தில் 'இனஃப்' என்ற சொல்லும் அப்படித்தான். அது பாராட்டு கிடையாது, அளவு. ஒரு காரியத்தை முன்னால் வைத்து, அதற்கு இது எட்டுகிறதா என்று அளந்து சொல்லும் சொல். 'எஜுகேட்டட் இனஃப்' என்று சொல்லி நிறுத்திவிட்டால், கேட்பவர் மீதி வரிக்காகக் காத்துக்கொண்டிருப்பார். முன்னாலேயே காரியத்தைச் சொல்லியிருந்தால் மட்டும்தான் நிறுத்தலாம். அதனால் அந்தத் தம்பியிடம் முதலில் கேட்டதும் இதைத்தான்: "என்ன செய்யும் அளவுக்குப் படிச்சிருக்கீங்க?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "சி.என்.சி. மெஷின் ஓட்டற அளவுக்கு மேடம்" என்றார். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின் அது. சரி, இப்போது நம் கையில் ஒரு வாக்கியம் இருக்கிறது.

இரண்டாம் படி: 'இனஃப்' எங்கே உட்கார வேண்டும்?

இதில்தான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

வகுப்பில் தினசரி காலண்டர் தாள்களை வெட்டிச் சீட்டாக வைத்திருப்பேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், எழுத வசதி. மூன்று சீட்டு எடுத்து, ஒன்றில் 'மெஷின் ஓட்டும்', அடுத்ததில் 'அளவுக்கு', மூன்றாவதில் 'படித்தவன்' என்று எழுதினேன். பெஞ்சின் மேல் வரிசையாக வைத்தால் நல்ல தமிழ் வாக்கியம்: மெஷின் ஓட்டும் அளவுக்குப் படித்தவன். அப்புறம் ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் ஆங்கிலம் எழுதச் சொன்னேன். 'மெஷின் ஓட்டும்' சீட்டின் பின்னால் 'டு ரன் தி மெஷின்', 'அளவுக்கு' சீட்டின் பின்னால் 'இனஃப்', 'படித்தவன்' சீட்டின் பின்னால் 'எஜுகேட்டட்'. இப்போது சீட்டுகளைத் திருப்பிப் போட்டு, கடைசியிலிருந்து முதலுக்குப் படிக்கச் சொன்னேன்.

எஜுகேட்டட், இனஃப், டு ரன் தி மெஷின்.

அவ்வளவுதான். தமிழ் வாக்கியத்தை வால் பக்கமிருந்து படித்தால் ஆங்கில வாக்கியம் வந்துவிடுகிறது. முன்னால் 'ஐ ஆம்' சேர்த்தால் முழுமையாகிவிடும்: 'ஐ ஆம் எஜுகேட்டட் இனஃப் டு ரன் தி மெஷின்.' தம்பி சீட்டுகளை மறுபடி தமிழுக்குத் திருப்பினார், மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பினார். நான்கைந்து முறை செய்த பிறகு சிரித்தார்.

இது படிப்புக்கு மட்டும் இல்லை. நம் ஊர் மாம்பழத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சாப்பிடும் அளவுக்குப் பழுத்தது' என்பதைத் திருப்பினால் 'ரைப் இனஃப் டு ஈட்'. 'குதிரை ஏறும் அளவுக்கு உயரமானவன்' என்றால் 'டால் இனஃப் டு ரைட் எ ஹார்ஸ்'. 'வண்டி ஓட்டும் அளவுக்கு வயது வந்தவள்' என்றால் 'ஓல்ட் இனஃப் டு டிரைவ்'. தன்மையைச் சொல்லும் சொல் முதலில், இனஃப் அதற்குப் பின்னால், காரியம் கடைசியில். 'எப்படி' என்று சொல்லும் சொற்களுக்கும் இதே வரிசைதான். 'ஷி ஸ்பீக்ஸ் இங்கிலிஷ் வெல் இனஃப் டு வொர்க் இன் பெங்களூரு': பெங்களூருவில் வேலை செய்யும் அளவுக்கு நன்றாக ஆங்கிலம் பேசுகிறாள்.

அப்படியானால் 'இனஃப் எஜுகேட்டட்' என்ற தவறு எங்கிருந்து வருகிறது? 'போதுமான' என்ற சொல்லிலிருந்து. 'போதுமான படிப்பு' என்று நினைத்துக்கொண்டு அதே வரிசையில் போகிறோம். உண்மையில் அந்த வரிசையும் ஆங்கிலத்தில் உண்டு. பின்னால் வருவது பொருளின் பெயராக இருந்தால் இனஃப் முன்னால்தான் வரும். போதுமான பணம் 'இனஃப் மனி', போதுமான தண்ணீர் 'இனஃப் வாட்டர்', போதுமான படிப்பு 'இனஃப் எஜுகேஷன்'. 'ஐ ஹேவ் இனஃப் எஜுகேஷன் ஃபார் திஸ் ஜாப்' என்றால் முழுக்கச் சரி.

ஆக, கேள்வி ஒன்றுதான். நீங்கள் சொல்ல வருவது 'படிப்பு' என்ற பொருளா, 'படித்தவர்' என்ற தன்மையா? படிப்பு என்றால் தமிழ் வரிசை அப்படியே: இனஃப் எஜுகேஷன். படித்தவர் என்றால் தலைகீழ்: எஜுகேட்டட் இனஃப். முன்னால் வரும் வினையையும் கவனியுங்கள். எஜுகேஷனுக்கு 'ஐ ஹேவ்', எஜுகேட்டடுக்கு 'ஐ ஆம்'. 'ஐ ஆம் இனஃப் எஜுகேஷன்' என்றும், 'ஐ ஹேவ் எஜுகேட்டட் இனஃப்' என்றும் கலந்துகட்டி எழுதிய தாள்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே நிற்காது.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கோ கன்னடமோ இருக்கும். தெலுங்கில் 'சாலு', கன்னடத்தில் 'சாக்கு' என்பதெல்லாம் நம் 'போதும்'தான். வாக்கிய வரிசையும் நம்முடையது போலவே காரியத்தை முன்னால் வைப்பதுதான். அதனால் அவர்களும் இதே சீட்டு வைத்துப் பழகலாம். அவரவர் வீட்டு மொழியை ஒரு பக்கம் எழுதிக்கொண்டால் போதும்.

மூன்றாம் படி: 'டு'வா, 'ஃபார்'ஆ?

செயல் வந்தால் டு, பொருள் வந்தால் ஃபார். 'எஜுகேட்டட் இனஃப் டு டீச்', 'எஜுகேட்டட் இனஃப் ஃபார் திஸ் ஜாப்'. 'ஃபார் டீச்' என்றும் 'டு திஸ் ஜாப்' என்றும் வராது. 'ஃபார் டூயிங்' என்று இழுக்கவும் வேண்டாம், 'டு டூ' போதும்.

இதில் எளிய வழி ஒன்று இருக்கிறது, புதிதாகப் பேசுகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது அதைத்தான். தன்னைப் பற்றி எதுவும் சொல்லாமல் படிப்பைப் பற்றி மட்டும் கேட்பது. கம்பெனி வாசலில் நின்று, 'இஸ் எ டிப்ளமோ இனஃப் ஃபார் திஸ் போஸ்ட்?' என்று கேட்டுப் பாருங்கள். டிப்ளமோ படிப்பு இந்த வேலைக்குப் போதுமா என்று பொருள். 'இஸ் டுவெல்த் ஸ்டாண்டர்டு இனஃப்?' என்றும் கேட்கலாம். இனஃப் தனியாக வந்து உட்கார்ந்துவிடும், வரிசைக் குழப்பமே இல்லை. மரியாதையாகவும் இருக்கும்.

ஆனால் 'எனக்குப் போதும்' என்பதை 'ஐ ஆம் இனஃப்' என்று சொல்லிவிடாதீர்கள். விருந்துக்குப் போன இடத்தில் நம் பிள்ளைகள் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 'தட்ஸ் இனஃப் ஃபார் மீ, தேங்க் யூ' என்பதுதான் அங்கே பொருந்தும். வெறுமனே குரலை உயர்த்தி 'இனஃப்!' என்றால் 'போதும் நிறுத்து' என்று அதட்டுவது போல ஆகிவிடும்.

'சஃபிஷியன்ட்லி' என்று ஒரு சொல்

கடிதத்தில் கொஞ்சம் விறைப்பாக எழுத நினைப்பவர்கள் இந்தச் சொல்லுக்குப் போவார்கள். பொருள் அதேதான், இடம்தான் மாறும். இனஃப் பின்னால் வரும், சஃபிஷியன்ட்லி முன்னால் வரும். 'சஃபிஷியன்ட்லி எஜுகேட்டட்', 'எஜுகேட்டட் இனஃப்'. 'எஜுகேட்டட் சஃபிஷியன்ட்லி' என்று எழுதினால் செயற்கையாக இருக்கும், 'இனஃப் எஜுகேட்டட்' தவறு. பேச்சில் சஃபிஷியன்ட்லி தேவையே இல்லை என்பது என் கருத்து. நாக்கும் சுளுக்கிக்கொள்ளும், கேட்பவருக்கும் பாடப்புத்தகம் ஒப்பிப்பது போலத் தோன்றும்.

நன்றாகப் படித்தவர் என்று சொல்ல

'போதுமான அளவு' என்பது வேறு, 'நன்றாகப் படித்தவர்' என்பது வேறு. இரண்டாவதில் அளவுகோல் எதுவும் இல்லை, வெறும் பாராட்டு. அதற்கு 'வெல் எஜுகேட்டட்' என்று ஒரு தொடர் இருக்கிறது. ஆங்கிலப் பத்திரிகையிலும் பேச்சிலும் சர்வசாதாரணமாக வரும். இதற்கு இனஃப் தேவையில்லை, பின்னால் காரியமும் தேவையில்லை.

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜியை எடுத்துக்கொள்வோம். பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்து வக்கீலாகி, 1948இல் கவர்னர் ஜெனரலாகவும் ஆனவர். அவரைப் பற்றி எழுதினால் 'ராஜாஜி வாஸ் எ வெல்-எஜுகேட்டட் மேன்' என்று எழுதலாம். அல்லது 'ராஜாஜி வாஸ் வெல் எஜுகேட்டட்' என்று எழுதலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது. முதல் வாக்கியத்தில் பின்னால் 'மேன்' என்ற பெயர் வருகிறது, அதனால் வெல், எஜுகேட்டட் இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு கோடு போட்டு ஒரே சொல்லாக்குகிறார்கள். இரண்டாவதில் பின்னால் ஒன்றும் இல்லை, அங்கே கோடு போடாமல் விடுவதே பெரும்பாலும் வழக்கம். பேசும்போது இது காதில் விழாது. எழுதும்போது மட்டும் நினைவில் வையுங்கள்.

'குட் எஜுகேட்டட்' என்பது தவறு. குட் என்பது பொருளுக்கு, வெல் என்பது செயலுக்கு. நல்ல படிப்பு 'எ குட் எஜுகேஷன்', நன்றாகப் படித்தவர் 'வெல் எஜுகேட்டட்'. அதேபோல 'ஹை எஜுகேட்டட்' இல்லை, 'ஹைலி எஜுகேட்டட்'. 'மச் எஜுகேட்டட்' இல்லவே இல்லை. 'வெல் ஸ்டடீட்' என்றும் நம் பக்கம் சொல்கிறார்கள், 'நன்றாகப் படித்தவன்' என்பதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றுவதால் வருவது அது. ஸ்டடி என்பது உட்கார்ந்து படிக்கும் செயல். படிப்பறிவு பெற்ற ஆளைச் சொல்ல எஜுகேட்டட்தான் வர வேண்டும்.

எஜுகேஷனைப் பற்றி இன்னொன்று. அதைப் பன்மையாக்கி 'எஜுகேஷன்ஸ்' என்று சொல்ல வேண்டாம். ஆனால் முன்னால் குட் வந்தால் 'எ' ஒன்று சேர்ந்துகொள்ளும்: 'மை அங்கிள் கேவ் மீ எ குட் எஜுகேஷன்.' என் மாமா என்னை நன்றாகப் படிக்க வைத்தார். எண்ண முடியாத பொருளுக்கு எப்படி 'எ' வந்தது என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்பார், நல்ல கேள்வி. ஒருவர் பெற்ற ஒரு குறிப்பிட்ட படிப்பு என்று அதை முழுதாகப் பார்க்கும்போது ஆங்கிலம் இப்படி ஒரு சலுகை கொடுக்கிறது. இனஃப் வந்தால் இந்த 'எ' போய்விடும், வெறும் 'இனஃப் எஜுகேஷன்'.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 'ஐ ஆம் வெல் எஜுகேட்டட்' என்று தன்னைப் பற்றித் தானே சொல்வது இலக்கணப்படி சரி, நாகரிகப்படி கொஞ்சம் உறுத்தும். 'நான் நல்லாப் படிச்சவன்' என்று நாமே சொல்லிக்கொண்டால் நம் ஊரில் எப்படி இருக்கும்? அதேதான். மற்றவர்களைப் பற்றிச் சொல்ல அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் என்ன சொல்வது?

இதுவரை சொன்னதையெல்லாம் பழகிய பிறகு, நேர்காணலுக்குப் போகும்போது 'எஜுகேட்டட் இனஃப்' என்பதையே விட்டுவிடுங்கள் என்று சொன்னால் கோபப்படக் கூடாது. அந்தத் தம்பியின் தாளிலிருந்து அந்த வரியை நான் திருத்தவில்லை, எடுத்தே விட்டேன். காரணம், எதிரில் உட்கார்ந்திருப்பவர் போதுமா போதாதா என்று முடிவு செய்யத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அந்த முடிவை நாம் சொல்லத் தேவையில்லை. நாம் என்ன படித்தோம் என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னால் போதும்.

'ஐ ஹேவ் எ டிப்ளமோ இன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். ஐ கேன் ஆப்பரேட் சி.என்.சி. மெஷின்ஸ்.' இரண்டு சின்ன வாக்கியம். இதற்குப் பிறகு 'ஐ பிலீவ் ஐ ஆம் குவாலிஃபைடு ஃபார் திஸ் போஸ்ட்' என்று ஒன்று சேர்க்கலாம். வேலைக்கு ஏற்ற படிப்பும் பயிற்சியும் இருக்கிறது என்று சொல்ல இந்தக் 'குவாலிஃபைடு'தான் பொருத்தமான சொல். நம் விண்ணப்பப் படிவங்களில் 'கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம் இருக்குமே, அந்தத் தகுதிதான் இது.

'ஐ ஆம் ஹேவிங் எ டிப்ளமோ' என்று சொல்லாதீர்கள், 'ஐ ஹேவ்' போதும். பட்டம் கையில் இருப்பது நடந்துகொண்டிருக்கும் செயல் இல்லை. '2022இல் பாஸ்டு அவுட்' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும். ஆனால் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் அழைப்பில் இருந்தால் அவர் காதில் அது 'மயங்கி விழுந்தேன்' என்று விழக்கூடும். 'ஐ கிராஜுவேட்டட் இன்' அல்லது 'ஐ கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ இன்' என்று வருடத்தைச் சொல்லிவிடுங்கள்.

தகுதி என்று நாம் சொல்வதிலேயே இரண்டு வகை இருக்கிறது. அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குரூப் 4 தேர்வு எழுதக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. பத்தாவது முடித்த ஒருவர் 'எலிஜிபிள்', அதாவது விதிப்படி விண்ணப்பிக்கலாம். குவாலிஃபைடு என்பது வேலையைச் செய்யும் திறமையையும் சேர்த்துச் சொல்வது. 'ஐ ஆம் எலிஜிபிள் ஃபார் குரூப் ஃபோர்' என்பது சரி. அங்கே போய் 'ஐ ஆம் எஜுகேட்டட் இனஃப் ஃபார் குரூப் ஃபோர்' என்று சொன்னால் பொருள் புரியும், ஆனால் விதியைப் பற்றிப் பேசும் இடத்தில் அந்தச் சொல் ஒட்டாது. எம்.எஸ்ஸி., பி.இ. முடித்தவர்களும் குரூப் 4 எழுதுகிறார்கள். வேலைக்குத் தேவையானதை விடப் படிப்பு அதிகமாக இருப்பதற்கு 'ஓவர்குவாலிஃபைடு' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை நம் வாயால் சொல்ல வேண்டாம், கேட்டால் புரிந்துகொண்டால் போதும்.

அம்மா அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது

இந்தப் பகுதியை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

சுய அறிமுகம் செய்யச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் சொல்லும் வரி ஒன்று: 'மை பேரன்ட்ஸ் ஆர் அன்எஜுகேட்டட்.' யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்தது போல எல்லோரிடமும் இருக்கிறது. அவர்கள் சொல்ல வருவது பெருமையான விஷயம். அப்பா அம்மா பள்ளிக்கூடம் போகவில்லை, ஆனாலும் என்னைப் படிக்க வைத்தார்கள் என்பது. ஆனால் 'அன்எஜுகேட்டட்' என்ற சொல் ஆங்கிலத்தில் கரடுமுரடானது. 'படிப்பறிவு இல்லாதவர்கள்' என்று முகத்தில் அடிப்பது போல ஒலிக்கும். 'யூ ஆர் நாட் எஜுகேட்டட் இனஃப்' என்று எதிரில் இருப்பவரிடம் சொன்னால் அதுவும் அவமானம்தான். ஒருவரைக் கீழே வைத்துப் பேசும் தொனி இரண்டிலும் இருக்கிறது.

அதற்குப் பதிலாக, 'மை பேரன்ட்ஸ் டிட் நாட் கெட் தி சான்ஸ் டு கோ டு ஸ்கூல்' என்று சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. குறை வாய்ப்பில் இருந்தது, அவர்களிடம் இல்லை என்பது அந்த வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. அப்புறம், 'ஐ ஆம் தி ஃபர்ஸ்ட் கிராஜுவேட் இன் மை ஃபேமிலி.' கல்லூரியில் சேரும்போது முதல் பட்டதாரி சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு அலைந்திருப்பீர்களே, அந்தச் சான்றிதழில் இருக்கும் விஷயத்தையே ஒரு வாக்கியமாகத் தலை நிமிர்ந்து சொல்வது இது.

எழுதப் படிக்கத் தெரிந்ததையும் படிப்பையும் ஆங்கிலம் பிரித்தே சொல்கிறது. எழுத்தறிவு 'லிட்டரேட்', படிப்பு 'எஜுகேட்டட்'. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 7 வயது நிறைந்த ஒருவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து வாசிக்கவும் எழுதவும் முடிந்தால் எழுத்தறிவு பெற்றவர் என்று சேர்த்துக்கொள்கிறார்கள், பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும் என்பதில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் எங்கள் தருமபுரிதான். அதனால் எங்களுக்கு இந்த இரண்டு சொல்லும் வீட்டுக்குள்ளேயே இருக்கிற வித்தியாசம்.

என் பாட்டி 1990களில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டவர். ராத்திரி வேலையெல்லாம் முடித்துவிட்டு, லாந்தர் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தார். அதற்கு முன்னால் தருமபுரி பேருந்து நிலையத்தில் யாரையாவது கேட்டுத்தான் பஸ் ஏறுவார். கற்றுக்கொண்ட பிறகு, பஸ் வரும்போது என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, போர்டைப் பார்த்து வாய்க்குள் கூட்டிக் கூட்டி 'அ… ரூ… ர்' என்று சொல்லி முடித்த பிறகுதான் காலைப் படியில் வைப்பார். நான் முன்னாலேயே படித்துச் சொல்லிவிட்டால் கோபம் வரும். "பஸ் போர்டு படிக்கிற அளவுக்குப் படிச்சுட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாக்கியத்தைத்தான் வகுப்பில் ஒவ்வொரு புது அணிக்கும் முதல் பயிற்சியாகக் கொடுக்கிறேன். திருப்பிப் பாருங்கள்: 'மை கிராண்ட்மதர் வாஸ் லிட்டரேட் இனஃப் டு ரீட் தி போர்டு ஆன் எ பஸ்.' இங்கே எஜுகேட்டடை விட லிட்டரேட் துல்லியமாக உட்காரும், ஏனென்றால் காரியம் வாசிப்பது. ஒரு சட்டப் பத்திரத்தைப் புரிந்துகொள்வது, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது போன்ற காரியங்கள் வந்தால் எஜுகேட்டட் இனஃப். சொல்லைத் தேர்ந்தெடுப்பதும் அந்த முதல் கேள்வியிலிருந்துதான்: எதற்குப் போதும்?

வாயில் வர

இனஃப் என்பதன் எழுத்துக்களைப் பார்த்துப் பலர் 'எனவ்க்' என்று தடுமாறுகிறார்கள். ஈ, என், ஓ, யூ, ஜி, எச் என்று எழுதி, 'இ-நஃப்' என்று சொல்ல வேண்டும். கடைசி ஜி, எச் இரண்டும் சேர்ந்து 'ஃப்' ஒலி. கீழ் உதட்டை மேல் பல் தொட்டுக் காற்று வர வேண்டும். 'இனப்' என்று உதட்டை மூடிவிட்டால் சொல் பாதியில் நின்றுவிடும். அழுத்தம் 'நஃப்' மேல். எஜுகேட்டடில் அழுத்தம் முதல் 'எ' மேல். இரண்டையும் இழுத்துச் சொல்லாமல், சேர்த்து ஒரே மூச்சில் 'எஜுகேட்டடிநஃப்' என்று சொல்லிப் பழகுங்கள், இயல்பாக வரும்.

பயிற்சிக்கு, இன்று ராத்திரி காலண்டர் தாள் கிழிக்கும்போது அதைத் தூக்கிப் போடாமல் மூன்றாக வெட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஒருவரை நினைத்துக்கொண்டு, அவர் எதைச் செய்யும் அளவுக்குப் படித்தவர் என்று தமிழில் எழுதுங்கள். ரேஷன் கடை ரசீதைச் சரிபார்க்கும் அளவுக்கு, மருந்துச் சீட்டைப் படிக்கும் அளவுக்கு, பேங்கில் தானே செலான் எழுதும் அளவுக்கு. பின்பக்கம் ஆங்கிலம். கடைசிச் சீட்டிலிருந்து முதல் சீட்டுக்கு. நடுவில் இருக்கும் இனஃப் எந்தப் பக்கம் திருப்பினாலும் நடுவிலேயே இருக்கும், அதை மட்டும் நகர்த்தாதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம், ஒரு வாரம் செய்தால் போதும்.

அந்தத் தம்பி மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஓசூர் போனார். போகும் வழியில் கிருஷ்ணகிரி தாண்டி எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். தமிழில் இல்லை, ஆங்கிலத்தில். 'மேடம், மை மதர் இஸ் எஜுகேட்டட் இனஃப் டு செக் மை ரெஸ்யூம்.' அம்மா ஒன்பதாவது வரை படித்தவராம். விடியற்காலையில் தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்து, வீட்டு முகவரியில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னாராம்.